எரிக் டேவிட்சன்: பொய்த்த கோட்பாட்டிலிருந்து மரபணு வலையமைப்பு வரை

நெய்தல் எழுதியது:

எந்த மரபணு எப்போது, எங்கே இயங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மரபணு ஒழுங்குபாடு என்றதும் பாக்டீரியாவில் ஜேக்கப், மோனோ ஆகியோரையும் பழ ஈயில் நியூஸ்லைன்-ஃபோல்கார்டையும் நாம் நினைவுகூர்கிறோம். உடலெங்கும் முட்கள் கொண்ட சிறு கடலுயிரியான கடல் முள்ளெலியின் கருவை வைத்துக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரே கேள்வியைத் துரத்திய எரிக் டேவிட்சனின் பெயர் அரிதாகவே வருகிறது. அவரைப் பற்றி இங்கே தனி இழை இல்லாததால் இதைத் தொடங்குகிறேன்.

டேவிட்சன் 1937இல் நியூயார்க்கில் பிறந்தார். ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியிடம் பயின்று 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனமான கால்டெக்கிற்குச் சென்று, 2015 செப்டம்பரில் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவருடைய கேள்வியைச் சொல்வது எளிது. கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து வரும் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கும்போது, ஒரு செல் குடலாகவும் இன்னொன்று எலும்புக்கூடாகவும் மாற வேண்டும் என்னும் கட்டளை அந்த டி.என்.ஏ.வில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை எப்படிப் படிப்பது?

1969 ஜூலையில் ராய் பிரிட்டனுடன் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் அவர் வெளியிட்ட கோட்பாடு இந்தக் கேள்விக்கு ஒரு முழு விடையை முன்வைத்தது. அந்த விடை பெரும்பாலும் தவறாகிப் போயிற்று. ஆனாலும் 1998இல் எண்டோ16 என்னும் ஒற்றை மரபணுவின் ஒழுங்குபடுத்தும் பகுதியை (அந்த மரபணு எப்போது, எங்கே இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டை) அவர் குழு பிரித்துப் படித்ததும், எந்த மரபணு எதை இயக்குகிறது என்று காட்டி 2002இல் வெளிவந்த மரபணு வலையமைப்பும், 2006இல் வெளிவந்த கடல் முள்ளெலியின் முழு மரபணுத்தொகுதியும் அந்தக் கோட்பாட்டின் வாரிசுகள் என்றே நான் கருதுகிறேன். விடை பொய்த்த பிறகும் கேள்வியின் வடிவம் அப்படியே நின்றது என்பதுதான் என் தரப்பு. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

நல்ல தொடக்கம் ஐயா. பன்னிரண்டாம் வகுப்பில் மரபணு ஒழுங்குபாடு என்றால் பாக்டீரியாவில் லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்களின் தொகுதியான லாக் ஓபரானோடு முடித்துவிடுகிறோம். விலங்குகளில் இது எப்படி நடக்கிறது என்று மாணவர் கேட்டால், அது சிக்கலானது என்று சொல்லி அடுத்த பாடத்திற்குப் போவதே வழக்கமாக இருக்கிறது. 1969 கோட்பாடு உண்மையில் என்ன சொன்னது என்பதைச் சற்று விரித்து எழுத முடியுமா? பொய்த்தது என்றால் எதில் பொய்த்தது என்று தெரிந்தால்தானே மேலே பேச முடியும்?

நெய்தல் எழுதியது:

அதற்கு முதலில் பிரிட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவிக்காந்தவியல் துறையில் பணியாற்றியவர். (புவிக்காந்தவியல் துறையில் டி.என்.ஏ. ஆய்வு நடந்தது என்பது இன்றைய நிர்வாகிகள் யாரும் நம்பாத செய்தி.) டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் சூடாக்கிப் பிரித்து, மீண்டும் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். ஒரே தொடர் பல பிரதிகளாக இருந்தால் அது விரைவாக இணை சேரும். ஒரே பிரதி மட்டும் இருந்தால் இணையைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும். இந்த முறையில் பிரிட்டனும் டேவிட் கோனும் 1968இல் காட்டியது அன்று பெரும் அதிர்ச்சியாக இருந்தது: உயர் விலங்குகளின் டி.என்.ஏ.வில் கணிசமான பகுதி, ஆயிரக்கணக்கிலும் சில சமயம் பத்து லட்சம் வரையிலும், திரும்பத் திரும்ப வரும் தொடர்களால் ஆனது. பாக்டீரியாவில் இப்படி எதுவும் இல்லை.

இவ்வளவு மீள்தொடர்கள் எதற்காக என்னும் கேள்விக்கும், ஒரு ஹார்மோன் வந்ததும் மரபணுத்தொகுதியில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பல மரபணுக்கள் எப்படி ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகின்றன என்னும் கேள்விக்கும் ஒரே விடையாக 1969 கோட்பாடு அமைந்தது. அதன்படி வெளியிலிருந்து வரும் குறிப்பை ஓர் உணரி மரபணு பெறுகிறது. அது அருகிலுள்ள ஒருங்கிணைப்பி மரபணுவை இயக்குகிறது. ஒருங்கிணைப்பியிலிருந்து படியெடுக்கப்படும் செயலூக்க ஆர்.என்.ஏ., புரதங்களைச் செய்யும் உற்பத்தி மரபணுக்களின் பக்கத்திலுள்ள ஏற்பித் தொடர்களைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் உற்பத்தி மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. பல உற்பத்தி மரபணுக்களின் பக்கத்தில் ஒரே ஏற்பித் தொடர் இருந்தால் அவையெல்லாம் ஒரே அணியாக இயங்கும். ஆக, மீள்தொடர்கள் அந்த ஏற்பிகளும் ஒருங்கிணைப்பிகளுமே என்பது அவர்களின் துணிபு.

டி.என்.ஏ. தொடர்களை வரிசைப்படுத்தும் சாங்கர் முறை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, புரதம் செய்யும் விலங்கு மரபணு ஒன்றைக்கூடத் தனியே பிரித்தெடுத்திராத காலத்தில், தாளில் அம்புக்குறிகள் போட்டு இதைச் செய்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஐயவாதி எழுதியது:

தாளில் அம்புக்குறி போடுவது எல்லோருக்கும் முடியும் நண்பரே. அது பொய்த்த பிறகு, கேள்வியின் வடிவம் நின்றது என்று சொல்வது தோற்றவரைக் காப்பாற்றும் பேச்சாக எனக்குப் படுகிறது.

செயலூக்கிகள் ஆர்.என்.ஏ. அல்ல, புரதங்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. வால்டர் கில்பர்ட்டும் மார்க் டாஷ்னியும் பாக்டீரியாவில் தடுப்பிப் புரதங்களை 1966, 1967 ஆண்டுகளிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள் என்பதால், புரதத்தை முன்னிறுத்தக் காரணம் அப்போதே இருந்தது. மீள்தொடர்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். தவளையிலும் கடல் முள்ளெலியிலும் குறுகிய மீள்தொடர்கள் ஒற்றைப் பிரதித் தொடர்களோடு ஓராயிரம், ஈராயிரம் காரங்களுக்கு (டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்கு) ஒருமுறை மாறி மாறி வருவதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தார்கள். 1975இல் பழ ஈயில் பார்த்தபோது அந்த அமைப்பே இல்லை. அங்கே மீள்தொடர்கள் நீண்டவை, வெகு தூரத்திற்கு ஒன்றாக இருந்தன. பழ ஈயும் உடலும் குடலும் உள்ள விலங்குதானே? அந்த அமைப்பு இல்லாமலே அது உருவாகிறது என்றால் கோட்பாட்டின் அடித்தளம் என்ன ஆயிற்று? அதன் பிறகும் விடாமல் 1979இல் இருவரும் சேர்ந்து, மீள்தொடர்களின் ஆர்.என்.ஏ.க்கள் படியெடுத்தலுக்குப் பிந்தைய கட்டத்தில் ஒழுங்குபடுத்துகின்றன என்று இரண்டாவது கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதுவும் நிற்கவில்லை.

மேலும், ஒழுங்குபடுத்தும் பகுதியைப் பிரித்துப் படித்தது டேவிட்சனின் தனிச் சாதனை என்று ஒலிக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். மைக்கேல் லெவினின் குழு பழ ஈயின் கருவில் பட்டை பட்டையாக வெளிப்படும் ஈவன்-ஸ்கிப்டு மரபணுவில் இரண்டாம் பட்டையை உண்டாக்கும் துண்டை 1992இலேயே விளக்கிவிட்டது. பைகாய்டு, ஹன்ச்பேக் என்னும் புரதங்கள் இயக்க, ஜயன்ட், க்ருப்பல் என்னும் புரதங்கள் இரு பக்கமும் எல்லை கட்டுகின்றன என்பது இன்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. எண்டோ16 எத்தனை பாடநூல்களில் உள்ளது?

கருவியல் மாணவன் எழுதியது:

ஐயவாதி ஐயா சொன்ன 1975 ஆய்வைப் பற்றி ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டுரையில் மேனிங், ஷ்மிட் ஆகியோரோடு மூன்றாவது பெயராக இருப்பவர் கால்டெக்கின் நார்மன் டேவிட்சன், எரிக் அல்லர்; ஆனால் 1976இல் எரிக் டேவிட்சனும் பிரிட்டனும் தம் குழுவோடு சேர்ந்து பழ ஈயில் அந்தக் குறுகிய அமைப்பு இல்லை என்று எழுதினார்கள். தன் கோட்பாட்டுக்கு எதிரான சான்றை எரிக் டேவிட்சன் தானே வெளியிட்டார். இதை வைத்து அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. வாதத்தில் மிகக் கடுமையானவர் என்றும், கருத்தரங்குகளில் எதிரே நிற்பவர் நிலைகுலையும்படி பேசக்கூடியவர் என்றும் உடன் பணியாற்றியவர்களே சொல்வார்கள். ஆனால் அளவீடு என்று வந்தால் அதை மறைக்கவில்லை.

இனி எண்டோ16 பற்றி. நான் முனைவர் பட்ட ஆய்வில் வேறொரு விலங்கின் கருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் இந்தக் கட்டுரையைப் பலமுறை படித்திருக்கிறேன். இதை ஈவன்-ஸ்கிப்டு ஆய்வின் மறுபதிப்பாகக் கருத முடியாது.

கடல் முள்ளெலியில் மரபியல் செய்ய முடியாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கலிபோர்னியாக் கரையின் ஊதா முள்ளெலி இனப்பெருக்க வயதை எட்டவே ஓராண்டு போல ஆகிவிடும். பழ ஈயில் போல ஆயிரக்கணக்கான திரிபுகளை உண்டாக்கி, கருவில் எது கெடுகிறது என்று பார்த்து, பின்னோக்கி மரபணுவைத் தேடும் வழி இங்கே அடைபட்டிருந்தது. ஆனால் ஒரு பெண் முள்ளெலி பல லட்சம் முட்டைகளை ஒரே நேரத்தில் தரும். அவற்றை ஒன்றாகக் கருவுறச் செய்தால் எல்லாக் கருக்களும் ஒரே கடிகாரத்தில் வளரும், கரு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், முட்டைக்குள் டி.என்.ஏ.வை ஊசி மூலம் செலுத்தலாம். தியோடர் போவெரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரு விந்தணுக்களால் கருவுற்ற முட்டைகளை வைத்து, இயல்பான வளர்ச்சிக்குக் குரோமோசோம்களின் முழுத் தொகுப்பும் தேவை என்று காட்டியதும் கடல் முள்ளெலியில்தான். டேவிட்சன் தன்னை அந்த மரபின் தொடர்ச்சியாகவே கருதினார். திரிபுகள் இல்லாததால், டி.என்.ஏ. துண்டை நேரடியாக விசாரிப்பதைத் தவிர வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. பலவீனம் என்று எல்லோரும் சொன்னதுதான் அவருடைய முறையைத் தீர்மானித்தது.

எண்டோ16 முதலில் கருவின் அடித்தட்டில் வெளிப்படும். பின்னர் குடலாக உள்மடியும் பகுதியில் தொடர்ந்து, இறுதியில் நடுக்குடலில் மட்டும் நிலைக்கும். சியோ-ஹுவா யூவும் ஹமீத் பொலூரியும் டேவிட்சனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவுக்கு முன்னால் உள்ள ஏறத்தாழ 2,300 காரங்கள் நீளமுள்ள பகுதியில் புரதங்கள் ஒட்டும் இடங்கள் 30க்கும் மேல் இருப்பதையும், அவை ஏ முதல் ஜி வரை தொகுதிகளாகப் பிரிந்திருப்பதையும் காட்டினார்கள். ஒவ்வொரு தொகுதியையும் தனியாகவும் கூட்டாகவும் அளக்க எளிதான ஓர் அறிவிப்பு மரபணுவோடு இணைத்து முட்டைக்குள் செலுத்தி, எப்போது, எங்கே, எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளந்தார்கள். ஏ தொகுதி தொடக்க கால வெளிப்பாட்டைத் தருகிறது. பி தொகுதி பிற்கால, நடுக்குடல் வெளிப்பாட்டைத் தருகிறது. ஈ, எஃப் ஆகியவை வெளி அடுக்கில் மரபணு வெளிப்படாமல் தடுக்கின்றன. டி, சி இரண்டும் சேர்ந்த டிசி தொகுதி எலும்புக்கூட்டை உண்டாக்கும் செல்களில் தடுக்கிறது. ஜி பொதுவாக எல்லாவற்றையும் கூட்டுகிறது.

இதுவரை கேட்டால் பாகங்களின் பட்டியல் போல இருக்கும். வியப்பு ஏ தொகுதியில் இருக்கிறது. எல்லாத் தொகுதிகளும் சேர்ந்திருக்கும் முழுத் துண்டில், மற்றத் தொகுதிகள் எதுவும் மரபணுவோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாமே ஏ வழியாகவே செல்கின்றன. பி தரும் உள்ளீட்டை ஏ வாங்கிப் பெருக்கித் தருகிறது. ஏ தொகுதியில் அதற்கென்றே உள்ள ஒட்டிடங்களைச் சிதைத்தால் அந்தப் பெருக்கம் நின்றுவிடுகிறது. தடுக்கும் தொகுதிகளின் விளைவு போய்ச் சேரவும் ஏ தொகுதியில் தனியே ஓர் இடம் உள்ளது. கால ஓட்டத்தில் கட்டுப்பாடு ஏ-யிலிருந்து பி-க்குக் கைமாறுகிறது. இவ்வளவையும் 'இது இருந்தால், அது இல்லையென்றால்' என்னும் வரிகளாக எழுதிக் கணினியில் ஓட்டி, ஒட்டிடங்களைச் சிதைத்தால் வெளிப்பாடு எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்லிச் சோதித்தார்கள். ஈவன்-ஸ்கிப்டு ஆய்வு ஒரு பட்டையின் எல்லைகளை அழகாக விளக்கியது; எண்டோ16 ஆய்வு ஒரு மரபணுவின் மொத்தக் கட்டுப்பாட்டையும் கணக்கிடத்தக்க தர்க்கமாக எழுதியது. பாடநூலில் இல்லை என்பது உண்மைதான். பாடநூல் எழுதுபவர்கள் பழ ஈப் படங்களை விரும்புகிறார்கள்.

ஐயவாதி எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி தம்பி. எண்டோ16இன் அழகை நான் மறுக்கவில்லை. என் கணக்கு வேறு. ஒரே ஒரு மரபணுவின் முன்பகுதியைப் பிரித்துப் படிக்க ஓர் ஆய்வகத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த விலங்கிலோ ஏறத்தாழ 23,300 மரபணுக்கள் இருப்பதாக 2006இல் அவர்களே எழுதினார்கள். இந்த வேகத்தில் ஒரு கருவைப் புரிந்துகொள்ள எத்தனை தலைமுறை வேண்டும்? கைவினைத் திறத்தை அறிவியல் முறை என்று சொல்லலாமா?

தரவுக்காரன் எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், ஏனென்றால் என் வேலை அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. முழு மரபணுத்தொகுதியிலும் எந்தப் புரதம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பதை ஒரே சோதனையில் காட்டும் சிப்-சீக், எல்லா மரபணுக்களின் வெளிப்பாட்டையும் ஒரே வீச்சில் அளக்கும் ஆர்.என்.ஏ.-சீக் ஆகியவற்றின் தரவுகளோடுதான் என் நாள்கள் போகின்றன. இந்த இரு முறைகளையும் 2007, 2008 ஆண்டுகளில் உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் பார்பரா வோல்டு. அவர் எழுபதுகளில் டேவிட்சனிடம் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆர்.என்.ஏ. தொகுதியின் மொத்தச் சிக்கலையும் அளக்க வேண்டும் என்னும் வெறி அந்த ஆய்வகத்தில் எழுபதுகளிலேயே இருந்தது. கேலாவோடும் பிரிட்டனோடும் சேர்ந்து டேவிட்சன் 1974இல், கடல் முள்ளெலிக் கருவின் குடல் உள்மடியும் கேஸ்ட்ருலா கட்டத்தில் புரதம் செய்வதற்காகப் பயன்படும் தூது ஆர்.என்.ஏ.க்களின் பன்மையை அளந்து, பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் வரையிலான மரபணுக்கள் அப்போது இயங்குகின்றன என்று கணித்தார். தொடர்களை வரிசைப்படுத்தாமல், இழைகள் இணை சேரும் வேகத்தை மட்டும் வைத்துச் செய்த கணக்கு அது.

ஆகவே அவர் முழுத்தொகுதி ஆய்வுக்கு எதிரி அல்லர். அவருடைய சண்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு புரதம் ஓர் இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது அந்த இடம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. இரண்டு மரபணுக்கள் ஒரே நேரத்தில் கூடிக் குறைகின்றன என்பது ஒன்று மற்றதை இயக்குகிறது என்பதற்குச் சான்றாகாது. 2012இல், மனித மரபணுத்தொகுதியின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் திட்டம் மனித மரபணுத்தொகுதியில் 80 விழுக்காட்டுக்கு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என்று அறிவித்ததும் எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையின் மையம் இதுவே: தடயம் இருப்பதும் பணி இருப்பதும் ஒன்றா? டேவிட்சனின் ஆய்வகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருந்தது: அந்த இடத்தைச் சிதைத்துப் பார்.

வேகம் பற்றிய குறையில் நியாயம் உண்டு. அதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள். 2002 மார்ச்சில் வெளிவந்த வலையமைப்பில் 40க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. அகப்படலமும் நடுப்படலமும் (குடலும் எலும்புக்கூடும் போன்றவை வரும் கருவின் உள் அடுக்குகள்) உருவாகும் பாதை மட்டுமே அதன் பொருள். 2010 வாக்கில் பல ஒழுங்குபடுத்தும் துண்டுகளுக்குத் தனித்தனி அடையாளத் தொடர்களைக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் முட்டைக்குள் செலுத்தி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான துண்டுகளை இப்படிச் சோதிப்பது எங்கள் துறையில் சாதாரணம். கணினியின் கற்றல் வழிமுறைகளுக்குப் பயிற்சி கொடுக்க அந்தத் தரவைத்தான் தேடி அலைகிறோம். ஐயவாதி ஐயா கைவினை என்று சொன்னதை இயந்திரமாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் பொருந்தும்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஓர் ஐயம். அந்த வலையமைப்புப் படத்தில் ஒரு மரபணுவிலிருந்து இன்னொரு மரபணுவுக்கு ஓர் அம்பு போடுகிறார்கள் அல்லவா? ஓர் அம்பு போட என்னென்ன செய்ய வேண்டியிருந்தது? மாணவரிடம் படத்தைக் காட்டினால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கருவியல் மாணவன் எழுதியது:

அம்மா, 'க' என்னும் மரபணு 'ச' என்னும் மரபணுவை இயக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டும் ஒரே செல்களில் வெளிப்படுகின்றனவா, 'க' முந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு 'க'வின் தூது ஆர்.என்.ஏ. புரதமாக மாறாதபடி தடுக்கும் மார்ஃபோலினோ என்னும் செயற்கை மூலக்கூறை முட்டைக்குள் செலுத்தி, 'ச'வின் அளவு குறைகிறதா என்று அளக்க வேண்டும். குறைந்தாலும் வேலை முடியவில்லை; 'க' இடையிலுள்ள வேறொரு மரபணு வழியாக 'ச'வைத் தொட்டிருக்கலாம். எனவே 'ச'வின் ஒழுங்குபடுத்தும் பகுதியைக் கண்டுபிடித்து, அதில் 'க' புரதம் ஒட்டும் இடத்தின் சில காரங்களை மட்டும் மாற்றி, அந்தத் துண்டு தன் பணியை இழக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழந்தால்தான் அது நேரடி அம்பு. வலையமைப்பின் எல்லா அம்புகளுக்கும் இந்தக் கடைசிப் படி செய்யப்படவில்லை. முக்கியமான முடிச்சுகளுக்குச் செய்யப்பட்டது.

2012இல் இசபெல் பீட்டர், இம்மானுவேல் ஃபோர் ஆகியோரோடு சேர்ந்து டேவிட்சன் செய்தது அடுத்த கட்டம். ஏறத்தாழ 50 மரபணுக்கள் கொண்ட வலையமைப்பை, 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டே மதிப்புகள் கொண்ட கணக்காக மாற்றி, கருவுற்றதிலிருந்து 30 மணி நேரம் வரை எந்த மரபணு எந்தப் பகுதியில் எப்போது இயங்க வேண்டும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். கருவில் உண்மையில் அளந்ததோடு அது பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாத சில இடங்களும் இருந்தன. அங்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத இணைப்புகள் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

ஐயவாதி எழுதியது:

இரண்டே மதிப்புகள் என்பதில்தான் எனக்கு உறுத்தல். செல்லுக்குள் புரதங்களின் அளவு ஏற்ற இறக்கம் உடையது; ஒரே வகைச் செல்கள் இரண்டுக்கு இடையிலும் வேறுபாடு இருக்கும். அதையெல்லாம் துடைத்துவிட்டு, கருவை ஒரு தர்க்கச் சுற்றாக வரைவது, இருப்பதைக் காட்டிலும் ஒழுங்கானதாக அதைக் காட்டுகிறது. பிஎம்ஏஆர்1 கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் எலும்புக்கூட்டை உண்டாக்கும் நுண்செல்களில் பிஎம்ஏஆர்1 என்னும் மரபணு, ஹெஸ்சி என்னும் தடுப்பியைத் தடுக்கிறது. ஹெஸ்சி விலகியதும் எலும்புக்கூட்டு மரபணுக்கள் இயங்குகின்றன. மற்ற எல்லாச் செல்களிலும் ஹெஸ்சி அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. இரட்டை எதிர்மறை வாயில் என்று இதற்குப் பெயரிட்டு, தர்க்கத்தின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். 2010இல் ஷர்மாவும் எட்டன்சோனும் நேரத்தைக் கவனமாக அளந்தபோது, அந்த மரபணுக்களுள் ஒன்றான ஏஎல்எக்ஸ்1, ஹெஸ்சி மறைவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிவிடுவதைக் கண்டார்கள். படத்தில் இருந்த ஒழுங்கு அந்தக் கருவில் அப்படியே இல்லை.

புதைபடிவ வாசகர் எழுதியது:

நான் பரிணாமப் பக்கத்திலிருந்து வருகிறேன். அவருடைய ஆய்வு வாழ்க்கையில் மிகப் பெரிய துணிச்சலும் மிகப் பெரிய இடறலும் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

2006இல் தொல்லுயிரியலாளர் டக்ளஸ் எர்வினோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, பெரும்பாலான விலங்குத் தொகுதிகள் தோன்றிய மிகப் பழைய கேம்பிரியக் காலத்திலிருந்து விலங்குகளின் அடிப்படை உடலமைப்புகள் ஏன் பெரிதும் மாறவில்லை என்று கேட்டது. அவர்களின் விடை இது: வளர்ச்சி வலையமைப்பில் எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. சில மரபணுக்கள் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு, எதில் கைவைத்தாலும் அந்த உறுப்பே உருவாகாமல் போகும்படியான 'கெர்னல்' என்னும் மையக் கருக்களாக இறுகிவிடுகின்றன. அவை மாற முடியாததால் உடலமைப்பும் மாறவில்லை. அவற்றின் கீழுள்ள பகுதிகள் எளிதில் மாறுகின்றன. இனங்களுக்கு இடையிலான சிறு வேறுபாடுகள் அங்கிருந்து வருகின்றன. இதற்கு முக்கியச் சான்று வெரோனிகா ஹின்மனின் ஆய்வு. கடல் முள்ளெலியும் கடல் நட்சத்திரமும் பிரிந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆகியும், அகப்படலத்தைத் தீர்மானிக்கும் சில மரபணுக்களின் பின்னல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

படிக்கும்போது எனக்குச் சிலிர்ப்பு ஏற்பட்டது உண்மை. டார்வினுக்குத் தெரியாத ஒரு தளத்தில் தொல்லுயிரியலுக்கு விளக்கம் கிடைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் ஒரு பின்னல் 50 கோடி ஆண்டுகள் நிலைத்தது என்பதிலிருந்து, அது மாறவே முடியாதது என்பதற்கு எப்படித் தாவுவது? நிலைத்தவற்றை மட்டும் தேடிப் பார்த்தால் நிலைத்தவையே கண்ணில் படும். டேவிட்சனின் ஆய்வகத்திலிருந்தே 2015இல் எர்கன்பிராக் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் போல அமைந்தது. கடல் முள்ளெலிகளின் இரு பெரும் கிளைகள் பிரிந்து 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. பென்சில் முள்ளெலி இருக்கும் பழைய கிளையில், ஐயவாதி குறிப்பிட்ட அந்த இரட்டை எதிர்மறை வாயிலே இல்லை. எலும்புக்கூடு இரண்டிலும் உருவாகிறது; உருவாக்கும் தொடக்க இணைப்புகள் வேறு. வளர்ச்சியின் மிகத் தொடக்கக் கட்டத்திலேயே இணைப்புகள் மாறியிருக்கின்றன.

நெய்தல் எழுதியது:

புதைபடிவ வாசகரின் கடைசிப் பத்தி என் தரப்பைத்தான் வலுப்படுத்துகிறது என்று சொல்வேன். ஏஎல்எக்ஸ்1 முந்துகிறது என்றோ, பென்சில் முள்ளெலியில் வாயில் இல்லை என்றோ ஒருவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எந்த மரபணு எதை எங்கே தடுக்கிறது என்று பெயர் சொல்லி ஓர் இணைப்பை டேவிட்சன் படத்தில் எழுதி வைத்திருந்ததுதான். மங்கலாக எழுதியிருந்தால் மறுக்கவே முடிந்திருக்காது. 1969 கோட்பாட்டுக்கும் இந்தக் குணம் இருந்தது. அதனால்தான் 1975இல் அதை அளவீட்டால் அசைக்க முடிந்தது.

மீள்தொடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை முழுக்கப் பொய்த்தன என்று ஐயவாதி முடித்துவிட்டார். பிரிட்டன் அதைக் கடைசிவரை விடவில்லை. 1996இல் அவர், இடம்பெயரும் தொடர்கள் மரபணுக்களின் அருகே விழுந்து ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்றுக்கொண்ட எடுத்துக்காட்டுகளைத் திரட்டி எழுதினார். மக்காச்சோளத்தில் டிபி1 மரபணுவுக்கு வெகு முன்னால் விழுந்த இடம்பெயரி, அதன் மூதாதையான காட்டுப்புல் டியோசின்ட்டேயின் பல கிளைகள் ஒற்றைத் தண்டாக மாறியதில் பங்கு வகித்தது என்று ஜான் டோப்லியின் குழு 2011இல் காட்டியது. 1969இல் சொன்ன பொறிமுறை இது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிதறிப் பரவும் ஒரே தொடர் பல மரபணுக்களை ஒரே கட்டளையின் கீழ்க் கொண்டுவரலாம் என்னும் எண்ணம், 1971இல் பரிணாமத்தைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையிலேயே உள்ளது.

ஐயவாதி எழுதியது:

மறுக்க முடியும்படி எழுதினார் என்பதை ஏற்கிறேன். இடம்பெயரிகள் 1969 கோட்பாட்டை மீட்டெடுத்தன என்பதை ஏற்கவில்லை. அந்தப் பெருமையின் பெரும்பங்கு பார்பரா மக்ளின்டாக்குக்கு உரியது. மக்காச்சோளத்தின் இடம்பெயரிகளைக் 'கட்டுப்படுத்தும் கூறுகள்' என்று ஐம்பதுகளிலேயே அழைத்தவர் அவர்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

லாக் ஓபரான் பாடத்திற்குப் பிறகு ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கி எண்டோ16ஐச் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஏழு தொகுதிகளையும் சொன்னால் குழம்பிப்போவார்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று மாணவர் தம்பி சொன்னால் உதவியாக இருக்கும்.

கருவியல் மாணவன் எழுதியது:

லாக் ஓபரானிலிருந்தே தொடங்கலாம் அம்மா. லாக்டோஸ் இருக்க வேண்டும், குளுக்கோஸ் இருக்கக் கூடாது என்னும் இரண்டு நிபந்தனைகளை அந்த டி.என்.ஏ. துண்டு சேர்த்துப் பார்க்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எண்டோ16இல் ஏ, பி ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் மூன்று கோடுகள் வரையலாம்: ஏ மட்டும் இருந்தால் வெளிப்பாடு தொடக்கத்தில் ஏறிப் பின்பு இறங்கும், பி மட்டும் இருந்தால் பிற்பகுதியில் மெல்ல ஏறும், இரண்டும் சேர்ந்தால் பிற்பகுதியில் பி-யைப் போன்ற வடிவத்தில், ஆனால் அதைவிட உயரமாக ஏறும். மூன்றாவது கோடு ஏன் உயரமாக இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டையும் கூட்டினால் வரும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் ஏ-யின் சொந்த வெளிப்பாடு இறங்கிவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டினால், ஏ பெருக்கியாக வேலை செய்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். தடுக்கும் தொகுதிகளை நேரம் மிஞ்சினால் சொல்லுங்கள். பாக்டீரியாவில் நிபந்தனைகள் வெளியே கிடைக்கும் சர்க்கரையிலிருந்து வருகின்றன, இங்கே அவை முந்திய மணி நேரத்தில் வேறு மரபணுக்கள் செய்து வைத்த புரதங்களிலிருந்து வருகின்றன என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். வலையமைப்பு என்ற சொல்லுக்கு அவர்கள் அங்கிருந்துதான் வர முடியும்.